துண்டு விழும் ஆண்டிலும் ஊராட்சிக்குப் பணம்: எந்த வழியைக் கேட்பது?

வரும் கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதித் தரச் சொல்லி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "பெரியப்பா, மாநில அரசு தன்னோட வரியில நூத்துக்குப் பத்துதான் உள்ளாட்சிக்குக் குடுக்குது. அதைப் பதினஞ்சா ஆக்கணும்னு எழுதிக் குடுங்க" என்றார்கள். மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால்தான் என்னிடம் வந்தார்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. பத்து பதினைந்தாவது இருக்கட்டும், இப்போதுள்ள பத்து எல்லா ஆண்டும் முழுசாக, சொன்ன தேதியில் வருமா? அரசின் பட்ஜெட்டிலேயே துண்டு விழுகிற ஆண்டில் அதன் கதி என்ன? அதற்கு ஒரு காப்பு இல்லாமல் சதவீதத்தை மட்டும் கூட்டிக் கேட்பது ஓட்டைக் குடத்துக்குப் பதில் பெரிய ஓட்டைக் குடம் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று பட்டது. ஒரு வாரம் அவகாசம் கேட்டு, என்னென்ன வழிகள் உண்டு என்று எழுதிப் பார்த்தேன். அதுதான் இது.

முதலில் பணம் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி ஒவ்வொரு மாநிலமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதிக்குழு அமைக்க வேண்டும். மாநிலத்தின் வருவாயில் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் எவ்வளவு என்று அந்தக் குழு சொல்லும். தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில், சில கழிவுகள் போக, 10 சதவீதம் என்பது நீண்ட நாளாக இருந்து வரும் வழக்கம். அதில் கிராமப்புறத்துக்கும் நகர்ப்புறத்துக்கும் 58:42 என்று இருந்ததை ஐந்தாவது நிதிக்குழு 56:44 என்று மாற்றியது. கிராமப் பங்கு ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று மூன்றாகப் பிரியும். மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 420 ஊராட்சிகள் அந்தப் பணத்தை எதிர்பார்த்துத்தான் மாதத்தை ஓட்டுகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசியல் சட்டம் குழு அமைக்கச் சொல்கிறது. பத்து என்று அது எங்கும் சொல்லவில்லை. குழு சொல்வது பரிந்துரை. அரசு ஏற்றுக்கொண்டு அரசாணை போட்டால் உண்டு. அரசாணையை மாற்ற இன்னொரு அரசாணை போதும்.

சரி, பணம் வராவிட்டால் ஊரில் என்ன நடக்கும்? எனக்கு மறக்காத ஒரு நாளைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆனி மாதம், காற்று புழுதியை வாரி அடிக்கிற நேரம். கணக்குப் பார்க்க ஓர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அலுவலகம் என்றால் ஓர் அறை, ஒரு பீரோ, சுவரில் வீட்டு வரிப் பட்டியல். வாசலில் டேங்க் ஆபரேட்டர் நின்றுகொண்டிருந்தார். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டு, வால்வு திருப்பி, தெருத்தெருவாகத் தண்ணீர் விடுகிறவர் அவர்தான். செயலரைப் பார்த்து, "என்னண்ணே, இந்த மாசமும் தள்ளிப்போச்சா?" என்றார். செயலர் பாஸ்புக்கை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஊராட்சிக்கு வங்கியில் மூன்று அடிப்படைக் கணக்குகள் உண்டு. ஒன்றாம் எண் பொது நிதி, இரண்டாம் எண் கரண்ட் பில்லுக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும், மூன்றாம் எண் திட்டப் பணிகளுக்கு. ஒன்றில் சில நூறு ரூபாய் இருந்தது. இரண்டில் அதுவும் இல்லை.

அந்த வாரமே மோட்டாரில் காயில் போய்விட்டது. உசிலம்பட்டியில் காயில் கட்டுகிற பட்டறைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் முந்தின தடவை கட்டியதற்கே பணம் நிற்கிறது. "பழசைக் குடுங்க, புதுசைப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார். நான்கு நாள் ஊருக்குத் தண்ணீர் இல்லை. தோட்டத்துக் கிணற்றுப் பம்புசெட்டில் பெண்கள் குடத்தோடு வரிசை நின்றார்கள். செயலர் தன் வீட்டு நகையை வைத்து மோட்டாரை மீட்டு வந்தார். அடுத்த மாதம் பணம் வந்தது, முழுசாகவே வந்தது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் அந்த ஆண்டு அந்த ஊராட்சிக்கு ஒரு ரூபாய் குறையவில்லை என்றுதான் இருக்கும். அந்த நான்கு நாள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அந்த நாளிலிருந்து ஊராட்சிப் பணத்தை மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டேன். வரி குறைந்தால் பங்கும் தானாகக் குறைவது ஒன்று. வரி குறையாவிட்டாலும் அரசு வெட்டுவது அல்லது மூலத்திலேயே பிடித்துக்கொள்வது இன்னொன்று. தொகை சரியாக இருந்தும் நாள் தள்ளிப்போவது மூன்றாவது. தேய்வு, வெட்டு, தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த மூன்றில் எதை அது தடுக்கிறது என்று கேட்டே எடை போட்டிருக்கிறேன்.

தேய்வுக்கு நாம் எல்லாரும் கண்ணால் கண்ட உதாரணம் 2020-21. பத்திரப் பதிவு அலுவலகம் பூட்டு, பெட்ரோல் பங்க்கில் ஆள் இல்லை, வண்டி விற்பனை இல்லை, டாஸ்மாக் பல வாரம் மூடல். அரசின் சொந்த வரி என்பது பெரும்பாலும் இவற்றிலிருந்து வருவதுதானே. வழக்கமாக ஆண்டுதோறும் ஏறுகிற வரி வருவாய் 2019-20-இல் சுமார் 1.07 லட்சம் கோடி ரூபாயாக இருந்து, அடுத்த ஆண்டு சுமார் 1.06 லட்சம் கோடியாக இறங்கியது. அந்த ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி என்று 2021 ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை வெளியிட்டவர் நம்ம மதுரை மத்தியத் தொகுதியிலிருந்து போய் அன்றைக்கு நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன். அதே ஆண்டில் ஊராட்சியின் செலவு குறைந்ததா? பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, தெருத்தெருவாக மருந்தடிப்பு, தூய்மைக் காவலர்களுக்கு முகக்கவசம் கையுறை என்று ஏறத்தான் செய்தது. வெளியூரில் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பியதால் தண்ணீர் கூடுதலாக விட வேண்டியிருந்தது. அரசின் வரவு குறைகிற ஆண்டில்தான் ஊராட்சியின் தேவை கூடுகிறது. வறட்சி ஆண்டிலும் இதே கதைதான்.

இன்னொன்றும் உண்டு. பற்றாக்குறை வந்தால் மாநில அரசு கடன் வாங்கலாம், ரிசர்வ் வங்கி வழியாகப் பத்திரம் விற்கலாம், ஒன்றிய அரசிடம் கூடுதல் கடன் வரம்பு கேட்கலாம். ஊராட்சிக்கு அந்த வாசல் எதுவும் கிடையாது. அதற்குக் கிடைக்கிற ஒரே கடன் செயலர் வீட்டு நகைதான். அடியைத் தாங்கும் தெம்பு யாருக்கு இருக்கிறதோ அவர் தோளில் அடி விழட்டும் என்பது என் நிலைப்பாடு. கீழே நான் எடுக்கிற முடிவுக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

இப்போது வழிகளைப் பார்ப்போம். பிள்ளைகள் கேட்டது முதலில். பத்தைப் பதினைந்தாக்குவது. இதனால் நல்ல ஆண்டில் பணம் கூடும், மறுக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன மூன்றில் ஒன்றைக்கூட இது தடுக்காது. வரி இறங்கினால் பதினைந்தும் இறங்கும். போதாக்குறைக்கு, பங்கு பெரிசாக இருந்தால் நெருக்கடி நேரத்தில் அரசின் கண் முதலில் விழுவது அதன்மேல்தான். இதைத் தீர்மானத்தின் கடைசியில் வைக்கலாம், முதலில் வேண்டாம்.

இரண்டாவது, "அரசையே எதிர்பார்க்காமல் சொந்தக் காலில் நில்லுங்கள்" என்பது. கூட்டங்களில் இதைச் சொல்கிறவர்கள் அதிகம். மதுரை மாநகராட்சிக்கு இது ஓரளவு பொருந்தும். 1971-இல் மாநகராட்சியாகி, 2011-இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம், விளாங்குடி என்று சுற்று வட்டாரத்தைச் சேர்த்து 72 வார்டிலிருந்து 100 வார்டாக வளர்ந்த ஊர் அது. மாட்டுத்தாவணி, கே.கே. நகர், காளவாசல் என்று கடையும் கட்டடமும் நிறைந்த இடங்கள். சொத்து வரி போட இடம் இருக்கிறது. 2022-இல் தமிழ்நாடு முழுக்க நகர்ப்புறச் சொத்து வரியை, ஊரையும் பரப்பளவையும் பொறுத்து, குடியிருப்புக்கு 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். மக்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் வரவு கூடியது.

சேடப்பட்டிப் பக்கம் ஓட்டு வீடும் தொகுப்பு வீடுமாக இருக்கிற ஊராட்சியில் வீட்டு வரியை இரண்டு மடங்காக்கினாலும் ஆண்டு முழுக்க வருவது சில மாதக் கரண்ட் பில்லுக்கு வந்தால் பெரிசு. நிலம் விற்கும்போது பத்திரச் செலவோடு சேர்த்து நிலத்தின் மதிப்பில் 2 சதவீதம் மேல்வரியாகப் பிடித்து உள்ளாட்சிக்குத் தருகிறார்கள். புறவழிச்சாலையை ஒட்டி பிளாட் போடுகிற ஊர்களில் பத்திரம் ஓயாது பதிவாகும். மானாவாரிக் காட்டில் பத்திரமே பதிவாவதில்லை. கல்குவாரி இருக்கிற ஊருக்குக் கனிமக் கட்டணம் வரும், மேலூர்ப் பக்கம் அதைப் பார்க்கலாம். குவாரி இல்லாத ஊருக்கு அதுவும் இல்லை. ஆக, சொந்த வருவாயை மட்டும் நம்பச் சொன்னால் இருக்கிற ஊர் பிழைக்கும், இல்லாத ஊர் வாடும். அரசுப் பங்கு என்று ஒன்றை வைத்ததே இந்த ஏற்றத்தாழ்வை நிரவத்தான். வீட்டு வரியை ஒழுங்காக வசூலிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வருடக்கணக்கில் பாக்கி வைத்திருக்கும் வசதியானவர்களை எனக்கும் தெரியும். ஆனால் துண்டு விழும் ஆண்டுக்கு அது மருந்தாகாது. அரசுக்கு வரி குறைகிற ஆண்டில் ஊர்க்காரர் கையிலும் காசு இருக்காது.

மூன்றாவது கேரளத்து வழி. 1996-இல், ஊர்மக்களே திட்டம் போடும் 'மக்கள் திட்டம்' தொடங்கியபோது, மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிக்கு ஒதுக்குவதாகச் சொல்லித் தொடங்கினார்கள். எனக்குப் பிடித்தது அந்தச் சதவீதத்தைவிட வேறொன்று. பட்ஜெட்டோடு நான்காம் பின்னிணைப்பு என்று ஒரு தனிப் புத்தகம் வைப்பார்கள். அதில் ஒவ்வொரு ஊராட்சியின் பெயரும், அதற்கு எவ்வளவு என்பதும் அச்சாகியிருக்கும். சட்டமன்றமே அதை நிறைவேற்றுகிறது. நம்ம ஊரில் அப்படி ஒரு புத்தகம் வந்தால், எங்கள் ஊராட்சிப் பெயருக்கு நேரே இருக்கும் தொகையை ஏப்ரலிலேயே கிராம சபையில் வாசித்துவிடலாம். பிறகு அதில் கை வைத்தால் யார் கை வைத்தார் என்பது தெரியும். வெட்டுக்கு இது நல்ல தடுப்பு. ஆனால் தாமதத்துக்கு இது போதாது. கேரளத்திலும் அரசுக்கு நெருக்கடி வந்த காலங்களில் கருவூலக் கட்டுப்பாடு போட்டு, பெயரும் தொகையும் அச்சான பின்னும் பில்கள் வரிசையில் காத்துக் கிடந்திருக்கின்றன. புத்தகத்தில் இருப்பது வேறு, பாஸ்புக்கில் ஏறுவது வேறு.

வெட்டைத் தடுக்கச் சட்டத்தில் எழுதி வைப்பது எவ்வளவு உதவும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் நல்ல பாடம். அங்கே ஊர்களுக்கான பங்கில் இரண்டு பகுதி. விற்பனை வரியின் முதல் 4 சதவீத விகிதத்தில் வசூலாவதில் 15 சதவீதம் என்பது மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. மற்றொரு பகுதி சட்டமன்றம் போட்ட சாதாரணச் சட்டத்தில் இருக்கிறது. 2000-க்குப் பிறகு மாநிலத்துக்குப் பற்றாக்குறை வந்தபோது சாதாரணச் சட்டத்தில் இருந்த பகுதி ஆண்டுக்காண்டு வெட்டப்பட்டது. அரசியல் சட்டத்தில் இருந்ததைத் தொட முடியவில்லை. 2013 ஜூலையில் அந்த மாநிலத்தின் டெட்ராய்ட் நகரம் திவால் மனு கொடுத்ததற்குக் காரணங்கள் பல, பங்கு வெட்டு அதில் ஒன்று. எழுதும் இடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது உண்மைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொட முடியாத அந்தப் பகுதியும் விற்பனை வரி குறைந்த ஆண்டுகளில் தானாகக் குறையவே செய்தது. வெட்டுக்குப் போட்ட பூட்டு தேய்வைத் தடுக்காது. அதற்கு வேறு சாவி வேண்டும்.

நான்காவது, நல்ல ஆண்டில் கொஞ்சம் எடுத்து வைத்துக் கெட்ட ஆண்டில் கொடுக்கும் சேமிப்பு நிதி. நம்ம வீடுகளில் விதைநெல்லைத் தனியாக வைப்பதுபோல. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்குள்ள பயம், அந்தச் சாவி யார் கையில் இருக்கும் என்பது. அரசின் கையில் இருந்தால் பற்றாக்குறை ஆண்டில் அரசே முதலில் அதைத் திறக்கும். உள்ளாட்சிகள் கையில் தனிக் கணக்காக, மாநில நிதிக்குழுவின் ஒப்புதலின்றி எடுக்க முடியாததாக இருந்தால் சரி. அப்படி ஓர் ஏற்பாட்டை முதலிலேயே கேட்பது நடைமுறையில் நீண்ட இழுபறி. இரண்டாம் கட்டத்துக்கு வைக்கலாம்.

ஐந்தாவதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். பங்கை இந்த ஆண்டு வரியில் கணக்கிடாமல், முந்தைய மூன்று ஆண்டு வரியின் சராசரியில் கணக்கிடுவது.

இதற்குக் கிட்டத்தட்ட ஒத்த ஏற்பாடு பிலிப்பைன்ஸில் இருக்கிறது. 1991-இல் அவர்கள் போட்ட உள்ளாட்சிச் சட்டம், மூன்று ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் உள்நாட்டு வரி வசூலில் 40 சதவீதம் உள்ளாட்சிக்கு என்றது. ஒவ்வொரு காலாண்டு முடிந்த ஐந்து நாளுக்குள் தானாகப் போய்விட வேண்டும், எந்தப் பிடித்தமும் கூடாது. சமாளிக்க முடியாத பற்றாக்குறை வந்தால் அதிபர் குறைக்கலாம், ஆனால் நாடாளுமன்றத் தலைவர்களையும் உள்ளாட்சிச் சங்கத்தையும் கலந்துதான், அதுவும் 30 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்ததும் அதிபர் அந்த நடைமுறை எதையும் பார்க்காமல் 10 சதவீதத்தை நிறுத்தி வைத்தார். வழக்கு நடந்தது. 2000-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. நெருக்கடி உண்மையானதுதான், ஆனாலும் சட்டத்தில் எழுதியதை ஓர் ஆணையால் தாண்ட முடியாது என்றது தீர்ப்பு. நம்ம பத்து சதவீதம் சட்டத்தில் இல்லை என்று மேலே சொன்னேனே, அதன் அருமை இங்கேதான் தெரிகிறது. ஆணையில் இருப்பதைக் காப்பாற்ற நீதிமன்றத்துக்கு எதைக் கொண்டு போவது?

ஆனால் பிலிப்பைன்ஸ் ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொள்வது மூன்றாண்டுக்கு முந்தைய ஒரே ஓர் ஆண்டை. பெருந்தொற்று ஆண்டான 2020-இல் 2017 வசூலின்படி பணம் வந்தது, ஊர்களுக்குப் பாதிப்பில்லை. ஆனால் 2020-இன் சரிவு காத்திருந்து 2023-இல் வந்து அடித்தது. தள்ளிப்போனதே தவிர தப்பவில்லை. அதனால்தான் ஓர் ஆண்டாக இல்லாமல் மூன்று ஆண்டுச் சராசரியாக இருக்கட்டும் என்கிறேன்.

கணக்கைக் கற்பனை எண்ணில் போட்டுக் காட்டுகிறேன். அரசின் வரி 91, 100, 110, 120 என்று ஏறி வருகிறது. ஐந்தாம் ஆண்டில் 108 ஆக இறங்குகிறது, பிறகு 125. இப்போதுள்ள முறையில் ஊராட்சிகளின் பத்து சதவீதம் 11, 12 என்று வந்து திடீரென்று 10.80 ஆகும். பன்னிரண்டு ரூபாய்க்குப் பழகிய வீட்டில் ஒரு ரூபாய் இருபது காசு குறைகிறது, அதாவது பத்தில் ஒரு பங்கு. சராசரி முறையில் சரிவு ஆண்டுக்கு முந்தைய மூன்றாண்டுச் சராசரி 110. அதற்கடுத்த ஆண்டின் சராசரி 112.67. இறக்கமே இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு எழுதினால் சபையில் யாராவது கேட்பார்கள். வரி ஆண்டுக்குப் பத்து சதவீதம் போல ஏறிக்கொண்டே போனால், பழைய மூன்றாண்டுச் சராசரி எப்போதும் நடப்பு ஆண்டைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் நூறுக்கு எண்பத்து மூன்று வருகிறது. அப்படியானால் சராசரியில் பத்து சதவீதம் வாங்குவது நடப்பு ஆண்டில் எட்டேகால் வாங்குவதற்குச் சமம். நட்டம். இதைச் சரிக்கட்டச் சதவீதத்தைப் பன்னிரண்டாக்க வேண்டும். சராசரியில் பன்னிரண்டு என்பதும் நடப்பு ஆண்டில் பத்து என்பதும் நல்ல ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே தொகைதான். அரசிடம் கூடுதலாகக் கேட்பதாகாது. வித்தியாசம் கெட்ட ஆண்டில் மட்டும் தெரியும். என் கற்பனைக் கணக்கில் சரிவு ஆண்டில் 10.80-க்குப் பதில் 13.20 கிடைக்கும்.

அந்த 2.40 எங்கிருந்து வரும்? அரசிடமிருந்துதான். 108 வரும் ஆண்டில் கூடுதலாக 2.40 கொடுக்க வேண்டும். அரசுக்கும் சம்பளம், ஓய்வூதியம், வட்டி என்று தள்ளிப்போட முடியாத செலவுகள் இருக்கின்றன. இது உண்மையான சுமை. நானும் அரசு ஓய்வூதியம் வாங்குகிறவன், என் ஓய்வூதியமும் அந்தச் செலவில் ஒன்று. ஆனாலும் அரசு அதைக் கடன் வாங்கிச் சமாளித்து நல்ல ஆண்டுகளில் அடைக்கலாம். ஊராட்சிக்கு 1.20 குறைந்தால் மோட்டார் நிற்கும். இரண்டையும் தராசில் வைத்தால் எது கனம் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

சராசரி முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. தொகை முன்கூட்டியே தெரியும். முடிந்துபோன ஆண்டுகளின் கணக்குதானே. பிப்ரவரியிலேயே ஊராட்சித் தலைவர் உட்கார்ந்து, இவ்வளவு வரும், இதில் தெருவிளக்குக்கு இவ்வளவு, வாய்க்கால் தூர்வார இவ்வளவு என்று எழுதலாம். இப்போது எழுதுகிற ஊராட்சி பட்ஜெட் பெரும்பாலும் போன வருடத்து எண்ணைக் கொஞ்சம் ஏற்றி எழுதுவதுதான். நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

கடைசியாகத் தாமதம். இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு உள்ளாட்சி மானியம் பரிந்துரைத்தபோது ஒரு விதி வைத்தது. டெல்லியிலிருந்து பணம் வந்த பத்து வேலை நாளுக்குள் மாநில அரசு அதை உள்ளாட்சிகளுக்கு மாற்றிவிட வேண்டும். தாண்டினால் வட்டியோடு தர வேண்டும். தன் வழியாகப் போகும் டெல்லிப் பணத்துக்கு இந்த விதியை ஏற்றுக்கொண்ட மாநில அரசு, தன்னுடைய பங்குக்கும் அதையே ஏற்கலாம் அல்லவா? ஒவ்வொரு மாதமும் இந்தத் தேதிக்குள், தவறினால் வட்டி. பட்டறைக்காரரிடம் "இந்தத் தேதிக்குப் பணம் வந்துவிடும்" என்று செயலர் தைரியமாகச் சொன்னால் மோட்டார் அன்றே கழன்று வரும். இதற்கு அரசுக்குக் கூடுதல் பணமே தேவையில்லை, ஒழுங்கு இருந்தால் போதும். அதனால் நடக்க அதிக வாய்ப்புள்ளதும் இதுதான் என்று நம்புகிறேன்.

ஆனால் அதே டெல்லி மானியம் இன்னொரு பாடமும் சொல்லித் தந்தது. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் ஒன்றிய அரசின் மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. தப்பு ஊர்க்காரர்களுடையது இல்லை, தண்டனை மட்டும் அவர்களுக்கு. 2025 ஜனவரி 5-ஆம் தேதி மதுரை உள்ளிட்ட மாவட்டங்களில் மறுபடி பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆகவே நம் தீர்மானத்தில், மாநிலப் பங்கு எந்தக் காரணத்துக்காகவும், தேர்தல் தள்ளிப்போனாலும்கூட, நிறுத்தப்படக் கூடாது என்று ஒரு வரி வேண்டும்.

இதையெல்லாம் எழுதும்போது பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும் நினைவுக்கு வந்தன. எங்களுக்குப் பக்கத்து ஊர்கள். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-இலிருந்து பத்தாண்டு அங்கே முறையான தேர்தலே நடக்கவிடப்படவில்லை. 2006-இல்தான் நடந்தது. மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997-இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் சென்றவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற நாற்காலியில் ஒருவர் வந்து உட்காரும்போது, இரண்டாம் எண் கணக்கில் கரண்ட் பில் கட்டவாவது பணம் இருக்க வேண்டாமா? எனக்கு இது வெறும் கணக்கு விஷயமாகத் தோன்றாததற்கு இதுதான் காரணம்.

ஆக, பிள்ளைகளிடம் நான் சொன்ன வரிசை இது. முதலில் தேதியும் வட்டியும். அரசுக்குச் செலவில்லாதது, மறுக்க முடியாதது. அதோடு சேர்த்து மூன்றாண்டுச் சராசரியில் பன்னிரண்டு சதவீதம். இரண்டையும் அரசாணையாக விடாமல் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் திருத்தமாகக் கொண்டுவரக் கேட்க வேண்டும். அரசியல் சட்டத்தில் எழுத நம்மால் முடியாது, மாநிலச் சட்டத்தில் எழுத நம் சட்டமன்றத்தால் முடியும். மிச்சிகன் கதைப்படி சாதாரணச் சட்டம் முழுப் பாதுகாப்பு ஆகாது என்பது தெரியும். ஆனாலும் சட்டத்தை மாற்றச் சட்டமன்றத்துக்குள் வந்து பேச வேண்டும், நம் எம்.எல்.ஏ. கையைத் தூக்க வேண்டும். மூன்றாவதாக, கேரளம் போல ஊராட்சிவாரிப் புத்தகம். மூலத்திலேயே பிடித்தம் செய்வதாக இருந்தால் எதற்கு எவ்வளவு என்று அதே புத்தகத்தில் இருக்கட்டும். சேமிப்பு நிதியும் பதினைந்து சதவீதமும் அப்புறம்.

ஒரு பிள்ளைக்குத் திருப்தியில்லை. "பெரியப்பா, பதினஞ்சுன்னு போட்டாத்தான் சனம் கை தட்டும். சராசரின்னா யாருக்குப் புரியும்?" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் சபையில் வாசிக்க வேறு மாதிரி எழுதிக் கொடுத்தேன். "அரசுக்கு வரவு குறைஞ்ச வருசத்துலயும் நம்ம மோட்டார் ஓடணும். அதுக்குப் பணம் மாசாமாசம் பத்தாம் தேதிக்குள்ள வரணும். வராட்டி வட்டி தரணும். இதைச் சட்டமாப் போடணும்." அவ்வளவுதான். சராசரிக் கணக்கு பின்னால் இணைப்பாகப் போகும், படிக்க வேண்டியவர்கள் படிப்பார்கள்.

மற்ற ஊர்க்காரர்களும் இதைத் தீர்மானமாகப் போட நினைத்தால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்குப் பாஸ்புக்கில் கடைசி மூன்று ஆண்டுப் பக்கங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மாநில நிதிக்குழு மானியம் எந்தெந்தத் தேதியில் வரவானது, அதே மாதங்களில் கரண்ட் பில் கடைசித் தேதி எப்போது என்று இரண்டு பத்தியில் எழுதுங்கள். ஒரு முழுத்தாள் போதும். தீர்மானத்தோடு அதையும் இணைத்து அனுப்புங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று அடுத்தடுத்துக் கிராம சபைகள் வருகின்றன. 420 ஊராட்சிகளில் கால்வாசி ஊர்களாவது இப்படி ஒரு தாளை அனுப்பினால், அடுத்த நிதிக்குழுவின் மேசையில் நூற்றுக்கு மேற்பட்ட பாஸ்புக் நகல்கள் இருக்கும்.